தரவு முரண்களுக்குப் பரிசீலனை நிலைகளை அமைக்கும் முறை

கிளினிக்கல் டிரையலில், அதாவது மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வில், பங்கேற்பவரின் விவரங்கள் மின்படிவத்தில் ஏறும்போது, சில மதிப்புகள் வகுத்த வரம்பைத் தாண்டியிருக்கும். சில தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தாது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் காலியாகக் கிடக்கும். மென்பொருள் இவற்றை ஒவ்வொன்றாகத் தரவு முரண் என்று பதிந்துகொள்கிறது. அந்த முரண் இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் அடையாளமே பரிசீலனை நிலை. பெரிய ஆய்வுகளில் முரண்கள் ஆயிரக்கணக்கில் எழுவது வழக்கம் என்பதால், இந்த நிலைகளை முதலிலேயே சரியாக அமைக்காவிட்டால், தரவுத்தளத்தைப் பூட்டும் நாள் (அதன்பின் தரவை மாற்ற முடியாது) நெருங்கும்போது எது யாரிடம் தேங்கியிருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாமல் போகும்.

நிலைகளை நாமே அமைத்துக்கொள்ள இடம் தரும் மென்பொருளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்; எடுத்துக்காட்டுக்கு ஆரக்கிள் கிளினிக்கல். அதில் பரிசீலனை நிலைகள் ஒரு குறியீட்டுப் பட்டியலாக வைக்கப்பட்டுள்ளன; நிர்வாக உரிமை உள்ளவர் அதில் புதிய நிலைகளைச் சேர்க்கலாம். எல்லா மென்பொருளும் இப்படி அல்ல. ஓப்பன் கிளினிக்காவின் மூன்றாம் பதிப்பில் புதியது, புதுப்பிக்கப்பட்டது, தீர்வு முன்மொழியப்பட்டது, மூடப்பட்டது, பொருந்தாது என்ற நிலைகள் மென்பொருளோடேயே வருகின்றன. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவான ரெட்கேப்பிலும் க்வெரியை, அதாவது முரணைப் பற்றி ஆய்வு நடக்கும் இடத்திடம் எழுப்பும் கேள்வியை, திறப்பது, பதில் சொல்வது, மூடுவது என்ற வரிசை முன்பே வகுக்கப்பட்டது. அத்தகைய மென்பொருளில் பணியாற்றுவோர்கூட, ஒவ்வொரு நிலைக்கும் தங்கள் ஆய்வில் என்ன பொருள், அதற்கு யார் பொறுப்பு என்பதைத் தரவு மேலாண்மைத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே திரையைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவையாகக் கீழே சொல்லப்படுபவை அவர்களுக்கும் பொருந்தும்.

திரையைத் திறப்பதற்கு முன்

முரணைப் பற்றிய மூன்று தகவல்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, அந்த முரண் இன்னும் நிலவுகிறதா, காலாவதியாகிவிட்டதா என்பது. இதைத் தீர்மானிப்பது மென்பொருள்: தரவு திருத்தப்பட்டுச் சரிபார்ப்பு விதி மறுபடி ஓடும்போது குறை காணப்படவில்லையென்றால், ஆரக்கிள் கிளினிக்கல் அந்த முரணைத் தானே காலாவதியாக்கிவிடும். இரண்டாவது, பரிசீலனை நிலை. இதை மனிதர்கள் மாற்றுகிறார்கள். மூன்றாவது, முடிவின் காரணம். அதாவது தரவு திருத்தப்பட்டதா, இருந்ததே சரியென்று உறுதியானதா, மூல ஆவணமே (பங்கேற்பவரைப் பற்றிய அசல் மருத்துவப் பதிவே) இல்லையா என்பது. அமைப்பில் நான் காணும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு அடைப்பதால் வருகின்றன. “மையம் திருத்தியது - மூடப்பட்டது”, “மையம் உறுதிசெய்தது - மூடப்பட்டது”, “மானிட்டர் சொன்னதால் மூடப்பட்டது” என்று நிலைகளைப் பெருக்கிக்கொண்டே போவார்கள். (மையம் என்பது ஆய்வு நடக்கும் மருத்துவமனை; மானிட்டர் என்பவர் அங்கே நேரில் போய்ப் பதிவுகளைச் சரிபார்ப்பவர்.) இவற்றில் நிலை ஒன்றே ஒன்றுதான், மற்றவை காரணங்கள். அவை காரணப் பட்டியலுக்குப் போக வேண்டும்.

பிரித்துவைத்த பிறகு, பரிசீலனை நிலைகளைத் தெரிவு செய்வதற்கு ஒரே அளவுகோல் போதும். நிலையின் பெயரைப் படித்தவுடன், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிய வேண்டும். “நிலுவையில்”, “கவனத்தில்”, “செயல்பாட்டில்” போன்ற பெயர்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. நிலுவை யாரிடம் என்று கேட்டால் பட்டியலில் விடை இருக்காது. அந்த நிலையில் விழுந்த முரணை ஒவ்வொருவரும் மற்றவருடைய வேலை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

சில மையங்களில் நடக்கும் ஓர் ஆய்வுக்கு ஏழு நிலைகள் போதும் என்பது என் கருத்து. எவரும் இன்னும் பார்க்காத முரண் “பரிசீலிக்கப்படாதது”. ஆரக்கிள் கிளினிக்கலில் புதிய முரண் இயல்பாக இந்த நிலையில்தான் பிறக்கிறது, அதற்குத் தரவு மேலாளர் பொறுப்பு. அவர் பார்த்துக் கேள்வி எழுப்பியதும் “ஆய்வு மையத்திடம்”. மையம் பதில் எழுதியதும் “பதில் வந்தது”. பொறுப்பு மீண்டும் தரவு மேலாளருக்கு, ஆனால் இப்போது அவர் செய்ய வேண்டியது பதில் போதுமானதா என்று தீர்மானிப்பது. மூல ஆவணத்தை நேரில் ஒப்பிட வேண்டியிருந்தால் “மானிட்டரிடம்”. மருத்துவ அறிவைக் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருந்தால் “மருத்துவ ஆலோசகரிடம்”. முடிந்தவை “தீர்ந்தது”, “தீர்க்க இயலாதது” என்ற இரண்டில் ஒன்றில் போய்ச் சேரும். பாதக நிகழ்வுகளை (ஆய்வின்போது பங்கேற்பவருக்கு ஏற்படும் உடல்நலக் கேடுகளை) மெட்ரா என்ற மருத்துவச் சொல் அகராதியின்படி வகைப்படுத்தும் குழு தானே க்வெரி எழுப்புவதாக இருந்தால் மட்டும் எட்டாவதாக ஒரு நிலை சேர்க்கலாம். அவர்கள் தரவு மேலாளர் வழியாகவே கேட்பதாக இருந்தால் அது வேண்டியதில்லை.

நிலைகளைத் தீர்மானித்ததும், எதிலிருந்து எதற்குப் போகலாம் என்பதை ஒரு தாளில் அம்புக்குறிகளாக வரைந்துகொள்ளுங்கள். “ஆய்வு மையத்திடம்” என்பதிலிருந்து நேராகத் “தீர்ந்தது” என்பதற்கு ஓர் அம்பு இருக்கிறதா? இருந்தால், பதிலை யாரும் படிக்காமலே முரண் மூடப்படும் வழி திறந்திருக்கிறது என்று பொருள். சில ஆய்வுகளில் இதை வேண்டுமென்றே அனுமதிக்கிறார்கள். அனுமதிப்பதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒரு முரணின் போக்கு

பெயர்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்க, உண்மையில் நடக்கக்கூடிய ஒரு முரணை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை நடத்திப் பார்ப்பதே சிறந்த வழி. மூன்றாம் வருகையில் ஹீமோகுளோபின் 134 என்று பதிவாகியிருக்கிறது. படிவத்தில் அலகு டெசிலிட்டருக்குக் கிராம் என்று முன்பே அச்சாகியிருக்கிறது. சரிபார்ப்பு விதி 5 முதல் 20 வரை மட்டுமே ஏற்கும். சேமித்த உடனே முரண் பிறந்து, “பரிசீலிக்கப்படாதது” என்ற நிலையில் நிற்கிறது.

தரவு மேலாளர் பார்க்கிறார். லிட்டருக்குக் கிராம் என்ற அலகில் 134 என்பது முற்றிலும் இயல்பான மதிப்பு, ஆகவே ஆய்வகம் வேறு அலகில் அறிக்கை தந்திருக்கலாம் என்று அவருக்கு உடனே தோன்றும். தோன்றியதை அவர் எழுதக் கூடாது. “13.4 என்று மாற்றவும்” என்று க்வெரி எழுதினால், மையம் மூல ஆவணத்தைப் பார்க்காமலே மாற்றிவிடக்கூடும், விடையைக் கேள்விக்குள் வைப்பதை எந்தத் தரவு மேலாண்மை நெறியும் ஏற்பதில்லை. “மூன்றாம் வருகையின் ஹீமோகுளோபின் மதிப்பு 134 எனப் பதிவாகியுள்ளது. ஆய்வக அறிக்கையைப் பார்த்து மதிப்பையும் அலகையும் உறுதிசெய்யவும், தேவையெனில் திருத்தவும்” என்று எழுதி, நிலையை “ஆய்வு மையத்திடம்” என்று மாற்றுகிறார்.

இங்கிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன. மையம் மதிப்பை 13.4 என்று திருத்தினால், விதி மறுபடி ஓடி, முரண் தானாகக் காலாவதியாகும். பரிசீலனை நிலையை யாரும் மாற்ற வேண்டியதில்லை. மையம் மதிப்பைத் தொடாமல் “அறிக்கையில் 134 என்றே உள்ளது” என்று மட்டும் எழுதினால், முரண் அப்படியே இருக்கும். நிலை “பதில் வந்தது” என்று மாறும். அலகைப் பற்றி மையம் ஒன்றும் சொல்லாததால் தரவு மேலாளர் மறுபடியும் கேட்க வேண்டும். ஆகவே “பதில் வந்தது” என்பதிலிருந்து “ஆய்வு மையத்திடம்” என்பதற்குத் திரும்பிப் போகும் அம்பு கட்டாயம் தேவை. மூன்றாவது வழியில், அதே மையத்திலிருந்து வரும் எல்லாருடைய ஹீமோகுளோபினும் 120, 140 என்றே இருப்பது தெரியவருகிறது. இப்போது இது ஒருவரது பதிவுப் பிழை அல்ல, ஆய்வகம் பயன்படுத்தும் அலகைப் பற்றிய கேள்வி. மானிட்டர் மையத்தோடு பேசித் தீர்க்க வேண்டியது. எல்லாவற்றையும் தனித்தனி க்வெரியாக மையத்துக்கு அனுப்பாமல், “மானிட்டரிடம்” என்று மாற்றுவது அந்த நிலையின் சரியான பயன்பாடு. நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே படிவமும் நிரப்பும் மைய ஒருங்கிணைப்பாளருக்கு, ஒரே காரணத்தால் எழுந்த க்வெரிகளை வரிசையாக அனுப்பி அவருடைய நேரத்தைப் பறிப்பது நியாயமல்ல.

குறியீட்டுப் பட்டியலில் பதிவது

ஆரக்கிள் கிளினிக்கலின் குறியீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண், குறுமதிப்பு, நெடுமதிப்பு, செயலில் உள்ளதா என்ற குறி, இயல்பு மதிப்பா என்ற குறி ஆகியவை உண்டு. இவற்றில் குறுமதிப்பில்தான் அதிகக் கவனம் தேவை. முரணின் பதிவோடு தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதும், அறிக்கைகளும் நிரல்களும் தேடுவதும் குறுமதிப்பையே என்பதால், ஆய்வு தொடங்கிய பிறகு அதைத் திருத்துவது பழைய பதிவுகளை அநாதையாக்கிவிடும். ஆகவே குறுமதிப்பைச் சுருக்கமாக, ஆய்வின் பெயரோ மையத்தின் பெயரோ கலக்காமல், எந்த ஆய்வுக்கும் பொருந்தும்படி வையுங்கள். இந்தப் பட்டியல் ஒரு நிறுவலில் உள்ள எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவானது. ஒரே ஆய்வின் வசதிக்காகச் சேர்த்த நிலை மற்ற ஆய்வுகளின் குழுவினர் கண்ணிலும் படும் என்பதைச் சேர்ப்பதற்கு முன் நினைவில் கொள்ள வேண்டும். மென்பொருளோடு வந்த நிலைகளின் குறுமதிப்புகளை, குறிப்பாகப் பரிசீலிக்கப்படாதது, தீர்ந்தது, தீர்க்க இயலாதது ஆகியவற்றைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

வரிசை எண்ணை முரண் நகரும் முறைப்படியே கொடுங்கள். மூடும் நிலைகள் பட்டியலின் அடியில் இருந்தால், கைதவறி மூடிவிடும் வாய்ப்பும் குறையும்.

யார் எதைப் பார்ப்பது, யார் எதை மாற்றுவது

நிலைகளைச் சேர்த்ததோடு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஒவ்வொரு பணிப்பொறுப்புக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: இந்த நிலையில் உள்ள முரணை அவர் பார்க்கலாமா, இந்த நிலையிலிருந்து மாற்றலாமா, மாற்றினால் எந்தெந்த நிலைகளுக்கு? மையத்திலிருந்தே தரவைப் பதிய உதவும் ஆரக்கிளின் ஆர்.டி.சி. திரையில் மையத்தில் உள்ளவருக்கு நம் உள் நிலைகளின் பெயர்கள் முக்கியமல்ல. தான் செய்ய வேண்டியது, வேறொருவர் செய்ய வேண்டியது, மூடப்பட்டது என்ற மூன்று தொகுதிகளாகவே முரண்கள் அவருக்குக் காட்டப்படுகின்றன. எந்த நிலை எந்தப் பொறுப்பாளருக்கு எந்தத் தொகுதியில் விழும் என்பதை நாம்தான் அமைக்கிறோம். “ஆய்வு மையத்திடம்” என்பது மைய ஒருங்கிணைப்பாளருக்கு முதல் தொகுதியிலும், தரவு மேலாளருக்கு இரண்டாம் தொகுதியிலும் விழ வேண்டும். “பதில் வந்தது” என்பது இதற்கு நேர்மாறாக. புதிய நிலையைச் சேர்த்துவிட்டு இந்தப் பொருத்தத்தைச் செய்ய மறந்தால், முரண் யாருடைய வேலைப்பட்டியலிலும் வராமல் மறைந்துவிடும். இது எந்தப் பிழைச் செய்தியும் தராத பிழை என்பதால், ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது ஒரு பொறுப்பாளருக்காவது முதல் தொகுதியில் இடம் இருக்கிறதா என்று தனியாகச் சரிபாருங்கள். மூடும் நிலைகள் மட்டுமே விதிவிலக்கு.

மருத்துவ ஆலோசகரின் குறிப்புகளை மையத்துக்குக் காட்டலாமா என்பதைத் தனியே யோசிக்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து என்பது மறைக்கப்பட்ட ஆய்வில், “இந்த ஆய்வக மதிப்பு சோதனை மருந்தின் விளைவு போல இருக்கிறது” என்ற ஒரு வரி உள்குறிப்பு மையத்தின் கண்ணில் பட்டால்கூட, குறிப்பை எழுதியவரின் ஊகமே மையத்தின் மதிப்பீட்டைச் சாய்த்துவிடும். அந்த நிலையில் உள்ளவற்றையும் அவற்றோடு சேர்ந்த உள்குறிப்புகளையும் மையத்துக்குக் காட்டாமல் அமைப்பதே பாதுகாப்பு.

அனுமதிகளை இப்படிக் கட்டுப்படுத்துவது சட்டமும் கேட்பது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997இல் வெளியிட்ட மின்பதிவு விதிகள், பொதுவாகப் பார்ட் 11 என்று சொல்லப்படுபவை, பணிப்படிகள் அனுமதிக்கப்பட்ட வரிசையில் நடப்பதை மென்பொருள் தேவைக்கேற்ப உறுதிசெய்ய வேண்டும் என்றும், உரிமை பெற்றவர் மட்டுமே பதிவை மாற்ற முடிய வேண்டும் என்றும், மாற்றம் முந்தைய பதிவை மறைக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. தாளில் வரைந்த அம்புகள் முதல் விதிக்கும், பொறுப்புவாரி உரிமைகள் இரண்டாவதற்கும், ஆடிட் டிரெயில் (யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தானியங்கிப் பதிவு) மூன்றாவதற்கும் விடை. தணிக்கை அதிகாரி வந்து கேட்கும்போது அந்தத் தாளை எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

மூடுவதற்கான காரணங்கள்

“தீர்ந்தது” என்று மாற்றும்போது காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கட்டாயம் என்று அமையுங்கள். காரணப் பட்டியல் நீளமாக இருக்க வேண்டியதில்லை: மையம் தரவைத் திருத்தியது, இருந்த தரவே சரியென்று மையம் உறுதிசெய்தது, விதி தவறாக எழுப்பிய முரண், வேறொரு முரணோடு இணைந்தது, தெளிவாகத் தெரியும் பிழையை விதிப்படித் திருத்தியது. “மற்றவை” என்ற காரணத்தைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சேர்த்தால் அவசரத்தில் எல்லாரும் அதையே தேர்ந்தெடுப்பார்கள்.

கடைசியாகச் சொன்ன காரணத்துக்கு எல்லை வகுக்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளுக்கான ஐ.சி.எச். என்ற சர்வதேச அமைப்பின் நற்செயல்முறை நெறியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் தரப்பில் செய்யப்படும் திருத்தங்கள் அவசியமானவையாகவும், ஆவணப்படுத்தப்பட்டவையாகவும், முதன்மை ஆய்வாளர் ஒப்புக்கொண்டவையாகவும் இருப்பதற்கு எழுத்துமூல நடைமுறை வேண்டும் என்றது. ஆகவே எந்தெந்தப் பிழைகளை மையத்தைக் கேட்காமல் திருத்தலாம் என்ற பட்டியலை ஆய்வு தொடங்கும் முன்பே முதன்மை ஆய்வாளரிடம் கையெழுத்து பெற்று வைத்திருக்க வேண்டும். மேலே பார்த்த 134 அந்தப் பட்டியலில் இடம்பெறத் தகாதது; பார்ப்பவருக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அது ஒரு மருத்துவ மதிப்பு.

“தீர்க்க இயலாதது” என்ற நிலையைத் தரவு மேலாளர் மட்டும் தர முடியும்படி அமைத்து, அதற்குச் சொற்களால் எழுதிய விளக்கத்தையும் கட்டாயமாக்குங்கள். இரத்த மாதிரி உடைந்துபோனது, பங்கேற்பவர் ஆய்விலிருந்து விலகிவிட்டார், மூல ஆவணத்தில் தேதியே இல்லை என்பன போன்ற விளக்கங்கள் பின்னர் புள்ளியியலாளர் கையில் போய்ச் சேரும். ஒரு மதிப்பை ஏற்பதா, விடுவதா என்று அவர் முடிவெடுப்பது அவற்றைக் கொண்டுதான்.

சோதித்துப் பார்ப்பது

அமைப்பை நேரடி ஆய்வில் வைப்பதற்கு முன் சோதனைச் சூழலில் ஓட்டிப் பாருங்கள். தாளில் உள்ள ஒவ்வோர் அம்புக்கும் ஒரு சோதனை, அனுமதிக்கப்படாத சில தாவல்களுக்கும் ஒரு சோதனை. இரண்டாவது வகையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மைய ஒருங்கிணைப்பாளரின் கணக்கில் நுழைந்து முரணை மூட முயன்றால் மென்பொருள் மறுக்கிறதா என்று பார்க்காமல், அனுமதிகள் சரியாக இருக்கின்றன என்று எழுதக் கூடாது. திருத்தத்தால் காலாவதியான முரண், அதே கட்டத்தில் தவறான மதிப்பு மறுபடி பதிவானால் என்ன ஆகிறது என்பதையும் சோதியுங்கள். பழையது உயிர்பெறுகிறதா, புதியது பிறக்கிறதா என்பதைப் பொறுத்து உங்கள் அறிக்கைகளின் எண்ணிக்கை மாறும். கையால் எழுப்பிய க்வெரிக்குப் பின்னால் மறுபடி ஓட்டிப் பார்க்க விதி ஏதும் இல்லை என்பதால், தரவு திருத்தப்பட்ட பிறகும் ஒருவர் வந்து மூட வேண்டும். அதற்கும் ஒரு சோதனை தேவை. அமைத்தவரே சோதிப்பது போதாது. மையத்தின் வேலையை அறிந்த ஒருவரை மையத்தின் கணக்கில் உட்கார வையுங்கள்.

ஆய்வின் நடுவில் மாற்றம் வந்தால்

ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நிலை தேவையில்லை என்று முடிவானால், அதை அழிக்க வேண்டாம். முதலில் அந்த நிலையில் நிற்கும் முரண்களைப் பட்டியலிட்டு வேறு நிலைக்கு நகர்த்துங்கள். பிறகு செயலில் உள்ளது என்ற குறியை எடுத்துவிடுங்கள். அப்போது புதிதாக எவரும் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது, பழைய வரலாற்றில் அந்தப் பெயர் அப்படியே படிக்கக் கிடைக்கும். புதிய நிலையைச் சேர்ப்பதானால், சேர்த்த தேதியையும் காரணத்தையும் தரவு மேலாண்மைத் திட்டத்தின் திருத்தப் பதிப்பில் எழுதி, தேங்கிய நாள்களைக் கணக்கிடும் அறிக்கைகளில் அந்த நிலை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கணக்கை முரண் பிறந்த நாளிலிருந்து மட்டும் எடுக்காமல், ஒவ்வொரு நிலையிலும் எத்தனை நாள் நின்றது என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். நாற்பது நாள் பழைய முரணில் முப்பத்தைந்து நாள் “பதில் வந்தது” என்ற நிலையில் கழிந்திருந்தால், நினைவூட்டல் கடிதம் போக வேண்டியது மையத்துக்கு அல்ல.

தரவுத்தளத்தைப் பூட்டுவதற்கு முன், எல்லாச் சரிபார்ப்பு விதிகளையும் கடைசியாக ஒருமுறை முழுமையாக ஓட்டி, மூடும் நிலைகள் இரண்டைத் தவிர மற்ற எந்த நிலையிலும் நடப்பு முரண் ஒன்றுகூட இல்லை என்று உறுதிசெய்யுங்கள். செயலிழக்கச் செய்த பழைய நிலைகளையும் அந்தத் தேடலில் சேர்க்க வேண்டும். இன்றைய நிலைகளை மட்டும் தேடும் அறிக்கை அவற்றில் விடுபட்டுப்போன முரணைக் காட்டாது. “தீர்க்க இயலாதது” என்று முடிந்தவற்றின் பட்டியலை விளக்கங்களோடு புள்ளியியலாளரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான அவரது கையெழுத்தைப் பூட்டு ஆவணங்களோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும்.